எட்டாம் வகுப்பில் நீ கேட்டது

நிவேதா,

நீ பெட்டிக்குப் பூட்டு வாங்க அப்பாவோடு டவுனுக்குப் போயிருக்கிறாய். திரும்பி வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு பூட்டுக்காக நாலு கடை ஏறி இறங்காமல் உங்கப்பாவுக்கு மனசு ஆறாது. அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை சென்னைக்குக் கிளம்பும்போது உன் கையில் கொடுப்பேன். என் எதிரில் பிரிக்காதே. விமானம் ஏறி உட்கார்ந்த பிறகு படி.

காலையில் எதிர்வீட்டு மல்லிகா வந்திருந்தாள். "பொண்ணுக்கு அங்க என்னா வேலக்கா?" என்று கேட்டாள். பல நாட்டு சயின்ஸ் அகாடமிகள் ஒன்றாகச் சேர்ந்து நடத்துகிற ஆபீஸில் வேலை என்றேன். "அகாடமின்னா? பஸ் ஸ்டாண்டாண்ட போலீஸ் எக்ஸாமுக்குக் கோச்சிங் குடுக்கறாங்களே, அந்த மாதிரியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஒவ்வொரு நாட்டிலும் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கழகம் வைத்திருப்பார்கள், அந்தக் கழகங்கள் கூடிப் பேசி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பாடம் தயாரித்து, என்னைப் போன்ற டீச்சர்களுக்குப் பயிற்சியும் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். "அவ்ளோ பெரியவங்களுக்கு நம்ம புள்ளைங்க எப்படிப் படிக்குதுன்னு எதுக்குக்கா கவல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பால் வாங்கப் போய்விட்டாள். நல்ல கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒரு கதையாகத்தான் இருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியும். மறுபாதியை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

போன மாதம் கூடத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அந்த வேலைக்கான இன்டர்வியூவில் நீ பேசிக்கொண்டிருந்தபோது நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறாய் என்று அவர்கள் கேட்டார்கள். நீ இங்கிலீஷில் சொன்னாய்: எட்டாவது படிக்கும்போது வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை, அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே வந்து இங்கே நிற்கிறேன். அவ்வளவுதான் சொன்னாய். அந்த வகுப்பின் டீச்சர் யார் என்று நீ சொல்லவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

நீ எட்டாவது படித்த வருஷம் நம் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. நம் நாட்டு அகாடமியும் வெளிநாட்டு அகாடமிகள் சிலவும் சேர்ந்து நடத்துகிற திட்டத்துக்குச் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதில் நம்முடையதும் ஒன்று என்றார் ஹெச்.எம். அறிவியல் டீச்சர் நான் ஒருத்திதான் என்பதால் பயிற்சிக்கு நான் போனேன். ஐந்து நாள், திருவண்ணாமலை டவுனில்தான். நடத்த வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வசந்தா மேடம், சென்னையில் வேதியியல் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் மார்த்தா, சிலி நாட்டுக்காரர். உலகப்படத்தில் தென் அமெரிக்காவின் ஓரத்தில் வெண்டைக்காய் மாதிரி நீண்டிருக்குமே, அந்த நாடு. நம் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டு "சில்லி சிக்கன்" என்று சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பாவம், முதல் நாள் காலையில் அவர் பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்தார். ஆட்டோ ஏறி இடம் சொல்வதற்குள்ளேயே டிரைவர் வெள்ளைக்கார அம்மா என்று செங்கம் ரோட்டுக்கு ஓட்டி ஆசிரமத்து வாசலில் இறக்கிவிட்டிருந்தார்.

இங்கிலீஷில் பேச வேண்டியிருக்குமே என்று நாங்களெல்லாம் பயந்துகொண்டிருந்தோம். மார்த்தா வாயைத் திறந்ததும் நிம்மதியானது. அவருக்கு ஸ்பானிஷ்தான் தாய்மொழி. இங்கிலீஷில் அவரும் எங்களை மாதிரியே வார்த்தைக்கு வார்த்தை தடுமாறினார். அந்த ஐந்து நாளும் அவர் சொன்னது ஒன்றுதான். பதிலை முதலில் சொல்லாதீர்கள். பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள், செய்துபார்க்கவிடுங்கள், பார்த்ததை எழுதவிடுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நான் தலையாட்டினேன், நோட்டு நிறைய எழுதிக்கொண்டேன். கடைசி நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பெட்டி நிறைய சாமான் கொடுத்தார்கள்: லென்ஸ், காந்தம், தெர்மாமீட்டர், தராசு. அதைக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். உடைந்தால் யார் பதில் சொல்வது?

மூன்று வாரம் கழித்து எங்கள் வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வசந்தா மேடம், மார்த்தா, கூடவே கல்வி அதிகாரி ஒருவர். பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், கிரிவலப் பாதையில் வீட்டுக் கடையில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள் என்று சொல்லி, நான்தான் இரண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னேன். எந்தப் பாடம் என்றார்கள். மெழுகுவத்திப் பாடம் என்றேன். பத்து வருஷமாக நடத்திய பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தட்டில் கலர் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவத்தி, அதன்மேல் அகலமான வாயுள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்தால் மெழுகுவத்தி அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஏன்? ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்புக்கு முன்னால் மூன்று நாள் நான் செய்தது என்ன என்று உனக்குத் தெரியும். ஒத்திகை. "பரணி, நீ எழுந்து இதக் கேளு. செல்வி, நீ இப்படி யோசிக்கற மாதிரி நின்னுட்டு, அப்புறமா சொல்லு." யோசிக்கிற மாதிரி நிற்பதற்குக்கூட ஒத்திகை. உன்னிடம் வீட்டில் தனியாகச் சொன்னேன்: "நீ வாயத் தொறக்காத. டீச்சர் பொண்ணுன்னு சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன்னு நெனப்பாங்க." நீ சரி என்றாய்.

வகுப்பு நாடகம் மாதிரி அழகாக நடந்தது. அதிகாரி சிரித்த முகமாகத் தலையாட்டினார். மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மார்த்தா வசந்தா மேடத்திடம் ஏதோ சொன்னார். மேடம் எழுந்து, "இதுவரைக்கும் யாரும் கேக்காத கேள்வி ஏதாவது இருக்காப்பா?" என்றார். அதற்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. நீ கையைத் தூக்கினாய்.

"டீச்சர், மூணு மெழுகுவத்தி வச்சுப் பாக்கலாமா?"

வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர். அந்த வித்தியாசத்தை நீ ஒருநாளும் மறந்ததில்லை. நேரமில்லை என்றேன். மார்த்தா இரண்டு கையையும் கூப்பி என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் விட்டேன். நீ ஒரு மெழுகுவத்தியை மூன்று துண்டாக ஒடித்துத் தட்டில் நட்டாய். உன் பின்னலில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, முன்பு தண்ணீர் ஏறிய இடத்தில் பாட்டிலைச் சுற்றி மாட்டினாய். மூன்றையும் பற்றவைத்து, அதே பாட்டிலைக் கவிழ்த்தாய். தண்ணீர் ரப்பர் பேண்டைத் தாண்டி மேலே போய் நின்றது. பிள்ளைகள் எல்லாம் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்கள்.

"டீச்சர், அதே பாட்டில்தானே? உள்ள இருக்கற ஆக்சிஜனும் அதே அளவுதானே? அப்போ இப்ப ஏன் ஜாஸ்தியா ஏறுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நாள் பயிற்சி முழுக்க அதைத்தான் சொல்லச் சொன்னார்கள். அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பாட்டில சாய்ச்சு வச்சிட்ட. தப்பாப் பண்ணிட்டு ஏன்னு கேட்டா? உக்காரு" என்றேன். நீ உட்கார்ந்தாய். வீட்டுக்கு வந்த பிறகும் என் கோபம் அடங்கவில்லை. "எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்ட இல்ல?" என்றேன். இரண்டு நாள் உன்னிடம் பேசவில்லை. காலாண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தபோது, "ஆக்சிஜன் மட்டும் காரணம் இல்லை, சூடும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். சிவப்பு மையில் அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் நீ கையே தூக்கவில்லை. பொறுப்பு வந்துவிட்டது, அடங்கிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இதுவரை நீ அறிந்தது. இனி அறியாதது.

வகுப்புக்கு மறுநாள் மதியம் மார்த்தா தனியாக நம் பள்ளிக்கு வந்தார். நீங்கள் எல்லாம் விளையாட்டு பீரியடுக்குப் போயிருந்தீர்கள். கையில் ஒரு பாக்கெட் மெழுகுவத்தி. "அந்தப் பெண் பாட்டிலைச் சாய்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். எனக்கு முகம் எரிந்தது. அவர் தொடர்ந்து சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். "எனக்கும் சரியாகத் தெரியாது. எங்கள் நாட்டுப் புத்தகத்திலும் ஆக்சிஜன் என்றுதான் இருக்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். வா, பார்க்கலாம்."

கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்த்தோம். ஒன்று வைத்து, இரண்டு வைத்து, நாலு வைத்து. பத்து வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேனே, ஒருநாளாவது அதைக் கண்ணால் பார்த்தேனா என்று அன்றைக்குத்தான் என்னை நானே கேட்டுக்கொண்டேன். மெழுகுவத்தி எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறியது. ஆக்சிஜன் எரிவதுதான் காரணம் என்றால் எரியும்போதே அல்லவா ஏற வேண்டும்? மூன்று நாலு வைத்தபோது, பாட்டிலைக் கவிழ்த்தவுடன் அதன் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் குமிழ்கள் வெளியே வந்தன. மார்த்தா தரையில் மண்டிபோட்டு, தட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, குமிழ்களை ஸ்பானிஷில் எண்ணினார். நானும் பக்கத்தில் மண்டிபோட்டுத் தமிழில் எண்ணினேன். கணக்கு ஒத்துவரவில்லை, மறுபடி கவிழ்த்தோம். தீயின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, தீ அணைந்து மிச்சக் காற்று குளிரும்போது சுருங்குகிறது, தண்ணீர் உள்ளே வருகிறது. மெழுகுவத்தி ஜாஸ்தி என்றால் சூடு ஜாஸ்தி. பிற்பாடு காலாண்டு விடைத்தாளில் நீ எழுதி, தெரிந்துகொண்டே நான் அடித்தது அதுதான்.

கிளம்பும்போது மார்த்தா சொன்னார்: "இதை எழுது. உன் மொழியில் எழுது, வசந்தா மொழிபெயர்ப்பார். எல்லா நாட்டு ஆசிரியர்களுக்கும் அனுப்புவோம். கேட்ட பெண்ணின் பெயரையும் எழுது."

எழுத உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதினால், நீ கேட்டதை எழுத வேண்டும். நீ கேட்டதை எழுதினால், நான் சொன்னதையும் எழுத வேண்டும். "உக்காரு" என்ற அந்த வார்த்தையை என் கையால் எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால் இப்படி எழுதினேன்: "மூன்று மெழுகுவத்திகள் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வகுப்பில் எழுந்தது." கேள்வி தானாக எழுமா நிவேதா? யாராவது கையைத் தூக்கி எழுந்து நின்றால்தானே எழும்?

நாலைந்து மாதத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. வசந்தா மேடம் தமிழில் எழுதி அனுப்புவார். பள்ளி முகவரிக்கு வரும், அங்கேயே நின்று பிரித்துப் படிப்பேன். ஒரு குளிர்நாட்டு டீச்சர், தட்டில் ஐஸ் தண்ணீர் வைத்தால் இன்னும் வேகமாக ஏறுகிறது என்று எழுதியிருந்தார். வேறொருவர் எங்களோடு சண்டை போட்டார். ஆக்சிஜனுக்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள், அளந்தீர்களா என்று கேட்டார். நியாயம்தான், நாங்கள் அளக்கவில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கானா நாட்டிலிருந்து வந்தது. அந்த டீச்சரின் பள்ளியில் மெழுகுவத்தி கிடைக்கவில்லையாம். அவருடைய மாணவர்கள் கண்ணாடி டம்ளரை வெந்நீரில் அலசி, அந்தச் சூட்டோடு தட்டில் கவிழ்த்திருக்கிறார்கள். தீயே இல்லை, எதுவும் எரியவும் இல்லை. தண்ணீர் ஏறியது! படித்த அன்றைக்கே பள்ளியிலிருந்து வந்ததும் அடுப்பில் வெந்நீர் போட்டேன். நீ டியூஷன் போயிருந்தாய். டம்ளருக்குள் தண்ணீர் மெதுவாக ஏறியபோது சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். திருவண்ணாமலையில் ஒரு பெண் கேட்டதற்குச் சிலியில் இருந்து வந்த ஒருத்தி மண்டிபோட்டுப் பார்க்க, கானாவில் முகம் தெரியாத பிள்ளைகள் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மல்லிகா கேட்டாளே, அதற்கு இதுதான் என் பதில். ஒரே தப்பை எல்லா நாட்டுப் புத்தகத்திலும் படித்துக்கொண்டிருந்தோம். சேர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் நீ வந்ததும் உன்னை அழைத்து அந்த டம்ளரைக் காட்டியிருக்க வேண்டும். கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

அடுத்த வருஷம் அதெல்லாம் ஒரு கையேடாக வந்தது. தொகுத்தவர்கள் வேறு யாரோ, எங்கேயோ இருந்தவர்கள். நான் எழுதிய தாளை வைத்து, "இந்தியாவில் திருவண்ணாமலையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை எழுப்பிய கேள்வி" என்று போட்டு, கீழே என் பெயரைப் போட்டிருந்தார்கள். ஒரு வரி எழுதித் திருத்தியிருக்கலாம். சென்னையில் கூட்டம் வைத்துச் சால்வை போட்டார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நீயும் அப்பாவும் கைதட்டினீர்கள். உனக்கு அப்போது எதற்கு அந்தச் சால்வை என்றே தெரியாது. இங்கிலீஷ் கையேட்டை நான் உன் கைக்கு எட்ட வைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் தூங்கிவிட்டாய். அப்பா கையேட்டை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இது நம்ம பொண்ணு கேட்டது இல்ல? அன்னிக்கு நீ திட்டினியே?" "ஸ்கூல் விஷயம், உங்களுக்குப் புரியாது, சும்மா இருங்க" என்றேன். அவர் மூடி என் மடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மாறினேன் என்பதையும் சொல்ல வேண்டும். பீரோவைத் திறந்தேன். இரண்டு தெர்மாமீட்டர் உடைந்தது, ஒருவரும் என்னைத் தூக்கில் போடவில்லை. "எனக்குத் தெரியலப்பா, பாக்கலாம்" என்று முதல் தடவை வகுப்பில் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறேன். ஆனால் நீ அப்போது டவுன் பள்ளிக்கு மாறிவிட்டிருந்தாய். மாறின டீச்சர் அடுத்தவர் பிள்ளைகளுக்குத்தான் கிடைத்தாள்.

நீ இயற்பியல் எடுத்தபோதும், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஊர் ஊராகப் போய் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோதும், சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். நீ டீச்சர்களைப் பற்றிக் கோபமாக ஒரு வார்த்தையும் பேச மாட்டாய். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இப்போது நீ போகிற ஆபீஸில் உட்கார்ந்து என்னைப் போன்றவர்களுக்குப் பாடம் எழுதப்போகிறாய். ஒன்று கேட்கட்டுமா? பாடத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்க இடம் விடுகிறீர்கள், நல்லது. டீச்சர் முழிப்பதற்கும் கொஞ்சம் இடம் விடு. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாற்பது பிள்ளைகள் நடுவில், தெரியாது என்று சொல்வது எவ்வளவு பயமாக இருக்கும் என்பதை உங்கள் கூட்டத்தில் சொல். அங்கே இருப்பவர்களில் பலர் அப்படி நின்றிருக்க மாட்டார்கள். பயந்த டீச்சர் பொய் சொல்லுவாள். கெட்டவள் என்பதால் இல்லை. எல்லா வருஷமும் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கும், அதனால்.

இந்தக் கடிதத்தோடு என் வேலை முடிந்துவிடாது என்று தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் வசந்தா மேடத்துக்குப் போன் செய்தேன். அவருக்கு எண்பதை நெருங்குகிறது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். "எழுதிக் குடும்மா, நான் அனுப்பறேன்" என்றார். இந்தத் தடவை "உக்காரு" என்பதையும் எழுதினேன். பூஜ்யம் போட்டதையும் எழுதினேன். சால்வையையும் எழுதினேன். நிவேதா என் மகள் என்று மட்டும் எழுதவில்லை. மகள் என்பதால் அம்மா விட்டுக்கொடுக்கிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்தக் கேள்வி உன்னுடையது, அவ்வளவுதான்.

கையேட்டை வெளியிடுகிற ஆபீஸிலிருந்து நேற்று பதில் வந்துவிட்டது. கையேடு இன்னும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறதாம். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்துகிறோம், மாணவியின் பெயரோடு நடந்ததையும் அப்படியே போடலாமா, டீச்சர்களுக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். போடுங்கள் என்று எழுதினேன். கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், அவளைத் தொடர்புகொள்ள வழி இருக்கிறதா?

வருகிற திங்கட்கிழமை காலை உங்கள் ஆபீஸுக்கு வேலையில் சேர வருவாள், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

உன்
அம்மா